மனிதரை ஒட்டுண்ணி என்று எழுதாதீர்கள்: தமிழ்ச் செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ் நாளிதழ்கள், வார இதழ்கள், தொலைக்காட்சிச் செய்திப் பிரிவுகள் ஆகியவற்றின் ஆசிரியர்களுக்கும், தலைப்பு எழுதும் துணையாசிரியர்களுக்கும்,

சென்ற மாதம் ஒரு தமிழ் நாளிதழின் நடுப்பக்கத்தில் முதியோர் உதவித்தொகை, ஆதரவற்ற விதவையருக்கான உதவித்தொகை, விலையில்லா ரேஷன் அரிசி ஆகியவற்றைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. அதற்கு "வரிப்பணத்தில் வாழும் ஒட்டுண்ணிகள்" என்று நான்கு பத்தி அகலத்தில் தலைப்பிட்டிருந்தார்கள். அதே வாரத்தில் ஒரு தொலைக்காட்சி விவாதத்தின்போது, வட மாநிலங்களிலிருந்து இங்கே கட்டட வேலைக்கு வந்திருப்பவர்களைக் குறித்து அதே சொல் திரையின் அடியில் அரைமணி நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நாளிதழின் பெயரையும் தொலைக்காட்சியின் பெயரையும் நான் எழுதவில்லை; இந்தப் பழக்கம் ஓர் அலுவலகத்தோடு நின்றுவிடவில்லை என்பதே காரணம். நாளிதழுக்கு இரண்டு முறை கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. ஆகவே உங்கள் எல்லோருக்கும் பொதுவாக எழுதுகிறேன்.

இந்தச் சொல்லோடு எனக்கு 31 ஆண்டுப் பழக்கம் உண்டு. ஆந்திர எல்லையை ஒட்டிய ஓர் அரசு மருத்துவமனையில் ஆய்வக நுட்பநராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஒரு ஸ்லைடில் இந்தப் பக்கம் உப்புநீர்த் துளியும் அந்தப் பக்கம் அயோடின் துளியும் வைத்து, குச்சி முனையளவு மலத்தை அவற்றில் கரைத்து, நுண்ணோக்கியின் கீழ் புழு முட்டைகளைத் தேடுவது என் அன்றாட வேலையாக இருந்தது. யானைக்கால் நோயை உண்டாக்கும் நுண்புழுக்கள் இரவில்தான் மேல்தோல் அருகே உள்ள ரத்தத்துக்கு மிகுதியாக வரும் என்பதால், இரவு பத்து மணிக்கு மேல் தெருத்தெருவாகப் போய், உறங்குகிறவர்களை எழுப்பி, விரல் நுனியில் குத்தி ரத்தத் தடவல் எடுத்த ஆண்டுகளும் உண்டு. ஒட்டுண்ணி என்பது எது, அது யாருடைய உடம்பில் இருக்கிறது, அது இருப்பதாகக் கேள்விப்படும்போது ஒருவர் முகம் எப்படி மாறுகிறது என்பவற்றை அருகிலிருந்து பார்த்தவன் என்ற முறையில்தான் உங்களிடம் பேசுகிறேன்.

எங்கள் தெருக்கோடியில் எழுபது வயதை நெருங்கும் ஓர் அம்மா இருக்கிறார். பதினான்கு வயதில் செங்கல் சூளைக்குப் போனவர். மண் குழைத்து, சேறு மிதித்து, கல் அறுத்து, காய்ந்த கல்லைத் தலையில் சுமந்து சூளையில் அடுக்கியவர். கணவர் சூளை முதலாளியிடம் வாங்கிய முன்பணத்தைக் கழிப்பதற்கு முன்பே இறந்துவிட்டார். மிச்சத்தையும் இவரே உழைத்துக் கழித்தார். இருபது ஆண்டுகளுக்கு முன், நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்குகிறது, கால் வீங்குகிறது என்று மருத்துவமனைக்கு வந்தபோது அவருடைய ஹீமோகுளோபின் அளவு மிகக் குறைவாக, 5.2 கிராமாக இருந்தது. மலத்தைச் சோதித்தபோது ஸ்லைடை எந்தப் பக்கம் நகர்த்தினாலும் கொக்கிப்புழு முட்டை தெரிந்தது. அந்த முடிவை எழுதிக் கையெழுத்திட்டவன் நான். இன்று அவருக்கு வருவது மாதாந்திர உதவித்தொகை; 2023 ஆகஸ்டில் அது 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அவருக்கு எழுத்து தெரியாது. எட்டாம் வகுப்பு படிக்கும் பேத்தி, மளிகைக் கடையில் பொட்டலம் மடித்துத் தரும் தாளைக்கூட அவருக்கு உரக்கப் படித்துக் காட்டுவாள். அந்தத் தலைப்பும் அப்படித்தான் அந்த வீட்டுக்குள் போயிற்று.

மறுநாள் காலையில் அவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "லேப் சார், ஒட்டுண்ணின்னா மாட்டுக் காதுல இருக்குமே, அந்த உண்ணியா?" என்று கேட்டார். எதற்குக் கேட்கிறீர்கள் என்றேன். "பாப்பா பாடத்துல வருதாம். பேனு, கொக்கிப்புழு எல்லாம் அதுதான்னு சொல்லுது. பேப்பர்ல பென்ஷன் வாங்குறவங்கள அப்படிப் போட்டிருக்குன்னு படிச்சுச்சு" என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "அந்தப் பணம் வேணாம்னு எழுதிக் குடுத்துட்டா நல்லதா சார்?" என்று கேட்டார். அன்று அவரை உட்காரவைத்துப் பேசி அனுப்பினேன். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்.

கொக்கிப்புழுவின் கதையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. அதன் முட்டை ஈர மண்ணில் பொரிக்கிறது. இளம்புழு வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே போய், ரத்தத்தோடு நுரையீரலை அடைந்து, அங்கிருந்து தொண்டைக்கு ஏறி விழுங்கப்பட்டு, கடைசியில் சிறுகுடலின் சுவரைக் கவ்விக்கொண்டு ரத்தம் குடிக்கிறது. மனிதரிடம் காணப்படும் இரண்டு முக்கிய வகைகளில் ஒன்று நாளைக்கு ஏறத்தாழ 0.03 மில்லிலிட்டர் ரத்தத்தையும், மற்றொன்று 0.15 முதல் 0.2 மில்லிலிட்டர் வரையிலும் இழக்கச் செய்கிறது. குறைவாகக் குடிக்கும் வகையே நூறு புழு இருந்தால்கூட ஓர் ஆண்டில் ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம் போய்விடும். எங்கள் பதிவேட்டில் கொக்கிப்புழு என்று எழுதப்பட்ட வரிகளுக்கு நேரே, தொழில் என்ற கட்டத்தில் நான் திரும்பத் திரும்ப எழுதியவை நடவு, களையெடுப்பு, சூளை, துப்புரவு ஆகியவைதான். செருப்பில்லாமல் சேற்றில் நின்று பிறருக்காக வேலை செய்தவர்களின் கால் வழியாகத்தான் அந்தப் புழு ஏறியது.

ஒட்டுண்ணிக்கு இடமும் உணவும் தரும் உயிரை நாம் ஓம்புயிரி என்கிறோம். விருந்தோம்பி என்றும் சில பாடநூல்கள் எழுதுகின்றன. அந்தச் சொல்லை யார் முதலில் இட்டார்களோ, அவர்களை நான் பல முறை நினைத்துக்கொண்டதுண்டு. அந்த அம்மாவின் உடம்பு ஆண்டுக்கணக்கில் விருந்தோம்பியாக இருந்தது. அவர் அறுத்த கல்லால் எழுந்த வீடுகளில் எங்கள் வட்டாரம் குடியிருக்கிறது. எந்த முனையிலிருந்து எண்ணினாலும், ஒட்டுண்ணி என்ற சொல் அவரிடம் வந்து நிற்பதற்கு வழி இல்லை. உங்கள் தலைப்பு ஓம்புயிரியைப் பார்த்து ஒட்டுண்ணி என்று சொல்லியிருக்கிறது.

இந்தச் சொல் எவ்வளவு எளிதில் ஒருவரைப் புண்படுத்தும் என்பதை நான் முதலில் தெரிந்துகொண்டது தெலுங்கில். எல்லைக்கு அப்பாலிருந்து வரும் நோயாளிகளுக்கு முடிவை விளக்குவதற்காக, வேலைக்குச் சேர்ந்த புதிதில், 'பரான்னஜீவி' என்ற தெலுங்குச் சொல்லை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். வயதான விவசாயி ஒருவரிடம் அந்தச் சொல்லை அரைகுறைத் தெலுங்கில் சொன்னபோது, அவரையே நான் அப்படிச் சொன்னதாக அவர் எடுத்துக்கொண்டார். பர அன்னத்தில் ஜீவிப்பது, அதாவது அடுத்தவர் சோற்றில் வாழ்வது, என்பது அச்சொல்லின் பொருள். அவர் கையிலிருந்த சீட்டை மேசைமேல் வைத்துவிட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டி, யார் சோற்றையும் தான் தின்றதில்லை என்றார். காய்த்துப் போன அந்தக் கைகள் இன்றும் என் கண்முன் நிற்கின்றன. மருத்துவர் வந்து விளக்கி, நானும் மன்னிப்புக் கேட்ட பிறகே அவர் மாத்திரையை வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு தெலுங்கு பேசுகிறவர்களிடம் 'நுலி புருகுலு' என்று புழுவின் பெயரை மட்டுமே சொல்லிவந்தேன். தமிழ் நோயாளிகளிடமும் ஒட்டுண்ணி என்று ஒருமுறைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை.

அன்று முதல் இந்தச் சொல் மற்ற மொழிகளில் எப்படி இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்வது எனக்கு வழக்கமாயிற்று. மலையாளத்தில் 'பராதம்': பிறவற்றை உண்பது. கன்னடத்தில் 'பராவலம்பி': பிறரைச் சார்ந்திருப்பது. இந்தியிலும் வங்காளத்திலும் பிறரால் வாழ்வது என்ற பொருளில் 'பரஜீவி' வழங்குகிறது. சிங்களத்தில் 'பரபோஷித': பிறரால் ஊட்டப்படுவது. நம்மைச் சுற்றியுள்ள மொழிகளில் எல்லாம் 'பர' என்ற முன்னொட்டு நிற்கிறது. பிறருடையதை எடுத்துக்கொள்கிறது என்ற குற்றச்சாட்டு சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. தமிழ்ச் சொல்லில் அது இல்லை. ஒட்டியிருந்து உண்பது என்று, அது செய்வதைப் பார்த்தபடி சொல்வதோடு நம் சொல் நின்றுவிடுகிறது. தாவர உண்ணி, ஊன் உண்ணி, அனைத்துண்ணி, மட்குண்ணி என்று உயிர்களை அவை உண்ணும் முறையால் பெயரிடும் வரிசையில் ஒட்டுண்ணியும் ஒன்று. ஆட்டைத் தாவர உண்ணி என்பதில் எப்படி ஏச்சு இல்லையோ, அப்படியே நாடாப்புழுவை ஒட்டுண்ணி என்பதிலும் ஏச்சு இல்லை. அறிவியலுக்கென்று ஆக்கப்பட்ட சொல் இவ்வளவு தெளிவாக அமைவது அரிது. அதனால்தான் அது பாழாவதைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

நம் மக்களின் பேச்சுக்கு இப்படி ஒரு பொதுப்பெயர் தேவைப்பட்டதே இல்லை. பேன், உண்ணி, தெள்ளுப்பூச்சி, அட்டை, நாக்குப்பூச்சி, கீரிப்பூச்சி, நாடாப்புழு என்று ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் இருந்தது. மாமரக் கிளையில் வேரூன்றி வளர்வது புல்லுருவி. யாழ்ப்பாணத்தில் அது குருவிச்சை. சோளத்திலும் கரும்பிலும் வருவது சுடுமல்லி. இவற்றுள் பெரும்பாலும் புல்லுருவிதான் ஆளை ஏசுவதற்கும் பயன்பட்டது. அந்த ஏச்சைக் கேட்டபோதுகூட ஒருவருக்கும் நுண்ணோக்கியோ மருந்தோ நினைவுக்கு வந்ததில்லை.

ஐரோப்பிய மொழிகளில் இந்தச் சொல் வந்த வழி வேறு. கிரேக்கத்தில் 'பரா' என்பது பக்கம், 'சிதோஸ்' என்பது தானியம், உணவு. 'பராசிதோஸ்' என்றால் உடனிருந்து உண்பவர். ஏதென்ஸில் ஹெராக்ளீஸ் வழிபாட்டில், கோயிலுக்குரிய தானியத்தைப் பொறுப்பேற்று, பூசை விருந்தில் உடனுண்ண நியமிக்கப்பட்டவர்களுக்கு அது மதிப்புள்ள பெயராக இருந்தது. கி.மு. 4ஆம் நூற்றாண்டு வாக்கில் நகைச்சுவை நாடகங்கள், செல்வர் வீட்டில் முகத்துதி செய்து சாப்பிட்டுக் காலம் தள்ளும் பாத்திரத்துக்கு அந்தப் பெயரைச் சூட்டின. அங்கிருந்து அது லத்தீனுக்கும் பிற மொழிகளுக்கும் போயிற்று. மரத்தைப் பற்றி வளரும் செடிக்கும் உடம்புக்குள் வாழும் புழுவுக்கும் இயற்கை அறிஞர்கள் அதை எடுத்துக்கொண்டது 17, 18ஆம் நூற்றாண்டுகளில்தான். அரபியில் 'துஃபைலி' என்ற சொல், கூஃபா நகரில் அழைக்காத கல்யாண விருந்துகளுக்கெல்லாம் போய்வந்ததாகச் சொல்லப்படும் துஃபைல் என்ற மனிதரின் பெயரிலிருந்து வந்தது. அரபு நாட்டு மருத்துவ மாணவர் இன்று கொக்கிப்புழுவை அந்தப் பெயரால்தான் படிக்கிறார். சீனத்திலோ 'ஜிஷெங்சோங்': தங்கி வாழும் புழு. ஜப்பானியமும் கொரிய மொழியும் அதே மூன்று எழுத்துகளைத் தத்தம் ஒலிப்பில் ஏற்றன.

கிரேக்கத்திலும் அரபியிலும் சொல் மனிதனிடம் பிறந்து புழுவிடம் போயிற்று. பந்தியில் இடம் தேடி அலைந்தவனைப் பார்த்துச் சிரித்தார்கள். ஆனால் அவனுக்கும் இலை போட்டார்கள். புழுவிடம் போய்விட்ட சொல் மனிதனிடம் திரும்பி வரும்போது நிலைமை மாறிவிடுகிறது. என் தொழிலில், சோதனைச் சீட்டில் ஒட்டுண்ணி என்று எழுதப்பட்டால், மருத்துவர் அடுத்து எழுதுவது அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் என்ற புழு மாத்திரை. புழுவிடம் யாரும் விளக்கம் கேட்பதில்லை. அதற்கும் ஒரு நியாயம் இருக்கலாம் என்று யாரும் நினைப்பதில்லை. அப்படி நினைக்கவும் கூடாது. ஏமாற்றுக்காரர், ஊழல் செய்தவர், சுரண்டுபவர் என்று ஒருவரைச் சொன்னால் அவர் செய்த செயலைச் சொல்கிறோம்; அதற்குச் சான்று கேட்கலாம், அவர் மறுக்கலாம், திருந்தலாம். ஒட்டுண்ணி என்று சொல்லும்போது செயலைச் சொல்லவில்லை, பிறவியைச் சொல்கிறோம். அதற்கு உரிய ஒரே நடவடிக்கை அகற்றுவது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம்.

இது வெறும் உருவகம் என்று உங்களில் சிலர் சொல்லக்கூடும். ஜெர்மனியில் யூதர்களை நாஜிகள் 'பாராசிட்' என்று எழுதியும் பேசியும் வந்தபோதும் அது உருவகமாகத்தான் தொடங்கியது. 1943 ஏப்ரலில் நாஜிகளின் எஸ்.எஸ். படைத் தலைவர் ஹிம்லர் தன் அதிகாரிகளிடம் பேசும்போது, யூத எதிர்ப்பு என்பது பேன் எடுப்பதைப் போன்றதுதான், அது கொள்கையைச் சேர்ந்ததன்று, தூய்மையைச் சேர்ந்தது என்றார். ஆஷ்விட்ஸ் முகாமில் லட்சக்கணக்கானோரைக் கொல்லப் பயன்பட்ட சைக்ளான் பி என்ற நச்சுப்பொருள், அதற்கு முன்பு துணிகளிலும் குடியிருப்புகளிலும் பேனையும் பூச்சியையும் ஒழிக்கப் பயன்பட்டதுதான். பேன் மருந்தையும் புழு மருந்தையும் கையாண்டு வாழ்ந்த எனக்கு, இந்த இரண்டு செய்திகளையும் ஒன்றாகப் படித்த நாளிலிருந்து அந்த உருவகத்தை எந்த மனிதரோடும் சேர்த்து உச்சரிக்க முடிந்ததில்லை.

வேறொரு கொள்கையின் பெயரால் இதே சொல் ஆண்ட நாடும் உண்டு. ரஷ்ய மொழியில் 'துனெயாதெத்ஸ்' என்றால் சும்மா இருந்து உண்பவன். 1961 மே மாதம் சோவியத் ரஷ்யக் குடியரசு, உழைக்காமல் ஒட்டுண்ணி வாழ்க்கை வாழ்வோருக்கு எதிராக ஓர் ஆணை பிறப்பித்தது. அந்தக் குற்றச்சாட்டின் பேரில் 1964இல் லெனின்கிராடில் கவிஞர் ஜோசப் பிராட்ஸ்கிக்கு ஐந்தாண்டுக் கட்டாய உழைப்புத் தண்டனை விதித்து, வடக்கே அர்க்காங்கெல்ஸ்க் பகுதிக்கு அனுப்பினார்கள். 1965இல் விடுவிக்கப்பட்ட அவருக்கு 1987இல் நோபல் பரிசு கிடைத்தது. பெலாரஸ் நாட்டில் 2015 ஏப்ரலில், ஆண்டில் 183 நாளுக்குக் குறைவாக வேலை செய்தவர்கள் அரசுக்குக் கட்டணம் செலுத்த வேண்டும் என்று ஆணையிட்டபோது, மக்கள் அதை ஒட்டுண்ணி வரி என்றே அழைத்தார்கள். 2017இன் தொடக்கத்தில், வேலை கிடைக்காதவர்களும் அவர்களின் குடும்பத்தாரும் தாங்கள் துனெயாதெத்ஸ் அல்ல என்ற முழக்கத்தோடு பல நகரங்களில் தெருவுக்கு வந்தார்கள். ஒருவர் தன்னைப் புழு இல்லை என்று கூட்டம் கூட்டிச் சொல்ல வேண்டிய நிலை எவ்வளவு கொடியது என்பதை அந்த அம்மா என் வாசலில் நின்ற காலையில்தான் முழுதாக உணர்ந்தேன்.

எங்கள் ஊழியர் சங்கத் துண்டறிக்கைகளில் வட்டிக்காரர்களையும் முதலாளிகளையும் ஒட்டுண்ணிகள் என்று எழுதிய காலம் உண்டு; அப்போது நான் மறுப்புச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். ஏழையைச் சொன்னால் தவறு, பணக்காரரைச் சொன்னால் சரி என்று நான் வாதிடவில்லை. கந்துவட்டி வாங்குகிறவரைக் கந்துவட்டிக்காரர் என்று எழுதினால் போதும். அதைவிடக் கடுமையான குற்றச்சாட்டு எதுவும் தேவையில்லை.

மொழிபெயர்ப்பில் நடக்கும் ஒரு தவறையும் இங்கே சொல்ல வேண்டும். 2021 பிப்ரவரி 8 அன்று மாநிலங்களவையில் பிரதமர், போராட்டங்களையே பிழைப்பாகக் கொண்டவர்கள் என்று சிலரைக் குறித்து 'ஆந்தோலன்ஜீவி' என்ற புதுச் சொல்லைப் பயன்படுத்தி, அவர்கள் 'பரஜீவி' என்றார். இந்தியில் புத்திஜீவி, ஷ்ரம்ஜீவி என்று மனிதர்களைச் சொல்லும் சொற்களின் ஓசையோடு அது சேர்ந்து ஒலிக்கிறது. அங்கேயே அது வேண்டாத சொல் என்பதே என் எண்ணம். ஆனால் அத்தகைய பேச்சைத் தமிழாக்கும்போது ஒட்டுண்ணி என்று போட்டால், அடுத்தவரால் பிழைப்பவர் என்ற வசை, உண்ணியாகவும் புழுவாகவும் மாறிவிடுகிறது. பேசியவர் சொன்னதைவிடக் கொடிய ஒன்றைத் தமிழ் வாசகர் கேட்கிறார். யார் பேசினாலும், எந்தக் கட்சியைச் சேர்ந்தவராக இருந்தாலும், மூலச் சொல்லை அப்படியே தந்து அதன் பொருளை விளக்குவதே நேர்மையான தமிழாக்கம்.

உதவித்தொகைத் திட்டங்களை நீங்கள் விமர்சிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. தகுதியில்லாதவர்கள் பட்டியலில் இருந்தால் எத்தனை பேர் என்று எண்ணி எழுதுங்கள். பணம் வீணாகிறது என்றால் எவ்வளவு, எந்த அலுவலகத்தில், யாருடைய கையெழுத்தில் என்று எழுதுங்கள். அதற்குத் தேவையான எல்லாச் சொற்களும் தமிழில் இருக்கின்றன. அந்தக் கட்டுரை முழுவதிலும் ஒரு புள்ளிவிவரம்கூட இல்லை என்பதை, மூன்று முறை படித்த பிறகே எழுதுகிறேன். சான்று இருந்திருக்க வேண்டிய இடத்தில் ஒரு சொல் உட்கார்ந்திருந்தது.

இதனால் மருத்துவத்துக்கும் கேடு உண்டு. 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாளில் 1 முதல் 19 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் மாத்திரை தருகிறார்கள். வயிற்றில் புழு இருப்பது தன் குற்றமில்லை, மண்ணிலிருந்தும் கழுவாத கையிலிருந்தும் வருவது என்று ஒரு பிள்ளை வெட்கமின்றிப் புரிந்துகொண்டால்தான் அந்த மாத்திரையை மனதார விழுங்கும். ஒட்டுண்ணி என்பது ஏழைக்கும் வெளியூர்க்காரருக்கும் உரிய பட்டம் என்று நாளிதழில் படிக்கும் பிள்ளை, தன் வயிற்றில் அது இருப்பதாக எப்படி ஒப்புக்கொள்ளும்? எங்கள் தெருவின் அந்தப் பெண்பிள்ளை இப்போது அறிவியல் பாடத்தின் அந்தப் பகுதியைப் பாட்டி இருக்கும்போது உரக்கப் படிப்பதில்லை.

ஆகவே உங்களிடம் நான் கேட்பவை இவை. உங்கள் அலுவலகங்களில் எழுத்தாளர்களுக்கும் மொழிபெயர்ப்பாளர்களுக்கும் தரும் நடைக் குறிப்புகளில், ஒட்டுண்ணி என்ற சொல் உயிரியல், மருத்துவம், வேளாண்மை, கால்நடைச் செய்திகளுக்கு மட்டுமே உரியது என்றும், எந்த மனிதரையும் எந்தக் கூட்டத்தாரையும், அவர் ஏழையானாலும் செல்வரானாலும், அதனால் குறிக்கக் கூடாது என்றும் எழுதிச் சேருங்கள். உண்ணி, அட்டை, புழு, பேன் என்ற சொற்களுக்கும் இதே விதி பொருந்தட்டும். அரசியல்வாதி ஒருவர் அந்தச் சொல்லைப் பேசினால், அது செய்தியாவதைத் தடுக்க முடியாது. அவர் பெயரோடும் மேற்கோள் குறியோடும் செய்தியின் உள்ளே மட்டும் தாருங்கள், அதைத் தலைப்பாகவும் திரையடி வரியாகவும் ஆக்காதீர்கள். நோய்ச் செய்திகளில் ஒட்டுண்ணி என்று பொதுவாக எழுதி நிறுத்தாமல், கொக்கிப்புழுவா, யானைக்கால் நுண்புழுவா, மலேரியாக் கிருமியா என்று பெயர் சொல்லி எழுதுங்கள். அது எப்படி உடம்புக்குள் வருகிறது என்பதை அடுத்த வரியிலேயே சொல்லுங்கள். விவாத நிகழ்ச்சிகளை நடத்துகிறவர்கள், பேச வந்தவர் அந்தச் சொல்லை மக்கள்மேல் வீசினால் அங்கேயே நிறுத்தி, எந்தச் செயலைச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள்.

அந்த நாளிதழின் ஆசிரியர் இந்த மடலைப் படிப்பார் என்று நம்புகிறேன். அவரிடம் தனியாக ஒன்றைக் கேட்கிறேன். அந்தத் தலைப்புக்கு ஒரு திருத்தம் வெளியிடுங்கள். உள்பக்கத்தின் மூலையில், கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் வேண்டாம். அதே நடுப்பக்கத்தில், அதே நான்கு பத்தி அகலத்தில் வெளியிடுங்கள். உதவித்தொகை பெறுவோரை அப்படி எழுதியது தவறு என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும் எளிய தமிழில் இருக்கட்டும். எந்த நாளில் வருகிறது என்று முன்கூட்டித் தெரிவித்தால், அந்த இதழை வாங்கி அந்த வீட்டில் கொடுப்பதை நான் பார்த்துக்கொள்கிறேன். பேத்தி அதைப் பாட்டிக்குப் படித்துக் காட்டுவாள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆய்வக நுட்பநர் ஒருவர்